ஒரு பட்டை கூட

எழுபதுகளில், கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகிற ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் நல்லக்கண்ணுவின் பட்டறை இருந்தது. லாரி, பஸ், வேன் எதுவானாலும் அச்சுக்கும் மேல்கட்டுக்கும் நடுவில் வில் மாதிரி வளைத்து அடுக்கிய இரும்புத் தகடுகள் இருக்குமே, அந்தப் பட்டைகளை அடித்து, வளைத்து, மாட்டிக் கொடுப்பதுதான் அவன் தொழில். கம்பெனி ஒன்பது பட்டை வைத்து அனுப்பினால் நல்லக்கண்ணு பத்து வைப்பான். ஏழு என்றால் எட்டு. வண்டிக்காரன் கேட்டானா என்றால் கேட்கவில்லை. சொல்லிவிட்டாவது செய்தானா என்றால் அதுவும் இல்லை.

இதில் கிறுக்குத்தனம் ஒன்றும் கிடையாது. அந்தப் பக்கத்தில் ஓடிய எந்த வண்டியும் கம்பெனிக்காரன் சொன்ன பாரத்தோடு ஓடியதாகச் சரித்திரமே இல்லை. விளாத்திகுளம் பஸ்ஸில் உள்ளே எத்தனை பேரோ அதில் பாதிப்பேர் மேலே இருப்பார்கள். அவர்களுக்குத் துணையாக மிளகாய் வற்றல் மூடைகளும் இருக்கும். பருத்தி லாரி தூரத்தில் வந்தால் லாரி கண்ணுக்குத் தெரியாது, பருத்திதான் தெரியும். தீப்பெட்டி பண்டலை இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டி சும்மா வருமா? புதூர்ப் பக்கம் ஒதுங்கி நாலு ஆட்டையாவது ஏற்றிக்கொண்டு வரும். காலி வண்டி என்ற ஒன்றை நல்லக்கண்ணு தன் பட்டறை வாசலில் பார்த்ததில்லை. மழை பெய்தால் கரிசல் களியாகிச் சக்கரத்தைக் கவ்வும். வெயில் அடித்தால் கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். அப்படிப்பட்ட பாதையில் போகிறவனுக்கு ஒரு பட்டை கூடப் போட்டு அனுப்புவதை அவன் ஒரு மரியாதை என்றே நினைத்திருந்தான். சாப்பிட உட்கார்ந்தவன் போதும் என்ற பிறகும் ஒரு கரண்டி வைப்பதில்லையா, அந்த மாதிரி.

அவன் குடும்பம் உழுது பிழைக்கிற சம்சாரிக் குடும்பம். ஆறு ஏக்கர் கரிசல் இருந்தது. அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை ஏமாற்றியதும் நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, திருநெல்வேலியில் தொழில் கற்று வந்து பட்டறை போட்டவன். வெற்றிலையைத் தவிர வேறு கெட்ட பழக்கம் இல்லை. ஆள் ஒல்லி, பேச்சும் ஒல்லி.

அவனுக்கு நேர்மாறு பூவனநாதன். தீப்பெட்டி ஆபீஸ் ஆறுமுகசாமியின் இரண்டாவது மகன். அந்த ஊரில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ்தான். நல்லக்கண்ணுவும் பூவனநாதனும் எட்டாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பிறகு ஒருவன் மாட்டுவண்டி ஓட்டப் போனான், ஒருவன் மெட்ராஸில் காலேஜ் படிக்கப் போனான். ஆனாலும் சிநேகிதம் விட்டுப்போகவில்லை. நாலு பேர் முன்னால் நல்லக்கண்ணு அவனைச் “சின்ன மொதலாளி” என்பான். ஆள் இல்லாத இடத்தில் “ஏல பூவனம்” என்பான். இரண்டையும் பூவனநாதன் ஒரே முகத்தோடு வாங்கிக்கொள்வான்.

காலேஜ் படிக்கப் போனவன் படிப்பை அரைகுறையாகவும் கார் பைத்தியத்தை முழுசாகவும் கொண்டு வந்தான். மெட்ராஸுக்கு வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்து விமானத் தளத்தில் வருஷா வருஷம் மாசிக்கு முன்னே பின்னே கார் பந்தயம் நடக்கும். அதைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு ராத்தூக்கம் போயிற்று. முப்பத்தினாலு வயதில், இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, ஒரு பழைய ஹெரால்டு காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். ஆறுமுகசாமி காரைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். “ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாரு. ஆனா கை கால் ஒடிஞ்சுதோ, அன்னைக்கே வித்துருவேன். பொறவு ஆபீஸ்ல வந்து ஒழுங்கா உக்காரணும்” என்றார். பூவனநாதன் தலையாட்டினான்.

எண்பதாம் வருஷம் ஆனி மாதம் அந்தக் காரைக் கொண்டுவந்து பட்டறையில் விட்டான்.

“பின்னால மெயின் பட்டை விண்டிருக்குலே. புதுசு போடு. வண்டி தாழ்வா, விறைப்பா நிக்கணும். சஸ்பென்ஷன்தான் உயிரு. இஞ்சின் எவ்வளவு ஓடினாலும் வளைவுல ரோட்டைப் பிடிச்சு நிக்கலைன்னா ஒண்ணுத்துக்கும் ஆகாது.”

“எவ்வளவு ஏத்துவ?”

“ஒண்ணும் ஏத்த மாட்டேன். நான் மட்டுந்தான். பின்சீட்டைக்கூடக் கழட்டிருவேன்.”

நல்லக்கண்ணு சிரித்துக்கொண்டான். எல்லா வண்டிக்காரனும் இப்படித்தான் சொல்கிறான். அரை லோடு என்பான், மறுநாள் அச்சு முனகும். பூவனநாதன் மெட்ராஸ் போய் வருகிறவன், பெண்டாட்டி பிள்ளைகள் உள்ளவன். காலியாகப் போகவா கார் வாங்கினான்? விண்ட பட்டையை மாற்றினான். அதோடு ஒரு பட்டை கூடப் போட்டான். வளைவையும் இரண்டு விரற்கடை ஏற்றி வைத்தான். வேறு எவனுக்கும் இத்தனை அக்கறையாக அடித்ததில்லை. வண்டி வாலைத் தூக்கின சேவல்போல நின்றது.

“உசரமா இருக்கிற மாதிரி தெரியுதே?” என்றான் பூவனநாதன்.

“புதுப் பட்டைலா, ஓட ஓட அமரும்” என்றான் நல்லக்கண்ணு. அது அவன் வழக்கமாகச் சொல்கிற பதில்.

கயத்தாறு பக்கம், வெள்ளைக்காரன் யுத்தத்துக்காகப் போட்டுவிட்டுப் போன சிமெண்ட் ஓடுபாதை ஒன்று பாழாய்க் கிடந்தது. ஆடுகளைத் தவிர அங்கே போக்குவரத்து கிடையாது. ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் போனார்கள். காற்று ஆளைத் தள்ளியது. காலி எண்ணெய் டின்களில் கல்லைப் போட்டு வரிசையாக வைத்து வளைவு காட்டினார்கள். பஞ்சுப் பொதி கட்டுகிற வாரால் பூவனநாதன் தன்னைச் சீட்டோடு கட்டிக்கொண்டான். நல்லக்கண்ணு ஓரத்தில் நின்றான்.

முதல் இரண்டு சுற்று நன்றாகத்தான் போயிற்று. மூன்றாவது சுற்றில் வேகம் கூட்டி இடது பக்கம் திருப்பினான். பின்பக்கம் துள்ளியது. வலது பின்சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்குவதை நல்லக்கண்ணு கண்ணால் கண்டான். அடுத்த மூச்சில் கார் பக்கவாட்டில் எழும்பி, ஒரு புரள் புரண்டு, மல்லாக்கக் கிடந்தது. டின்கள் நாலு பக்கமும் உருண்டன. ஓடிப்போய் வாரை அறுத்து வெளியே இழுத்தபோது பூவனநாதனுக்கு நினைவு இருந்தது. இடது தோள் எலும்பு முறிந்திருந்தது.

“என் கைதாம்லே தப்பு” என்றான் வலியோடு. “அவசரப்பட்டுத் திருப்பிட்டேன்.”

நல்லக்கண்ணு குனிந்து, மல்லாந்து கிடந்த காரின் பின்சக்கரங்களைப் பார்த்தான். அவனுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. மற்ற வண்டிகளில் பின்னச்சு ஒரே தண்டாக இருக்கும். இந்தக் காரில் அது இரண்டு பாதி. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஆடும், இரண்டுக்கும் குறுக்கே ஒரே பட்டைக் கட்டு. கம்பெனி வைத்த உயரத்தில் அது ஒழுங்காக நிற்கும். பின்பக்கத்தை உயர்த்தினாலோ சக்கரங்கள் கீழே ஒடுங்கிவிடும். காலை அகட்டி ஊன்றி நிற்கிறவனைத் தள்ளுவது கஷ்டம். ஒடுக்கி நிற்கிறவனை ஒரு விரலால் தள்ளிவிடலாம். பாரம் ஏற்றியிருந்தால் அவன் போட்ட பட்டை சரியாக அமர்ந்திருக்கும். காலி வண்டி துள்ளத்தான் செய்யும். பருத்தியை இறக்கிவிட்டு வெறும் மாட்டுவண்டியில் ஊர் திரும்பும்போது பல் கிட்டிக்கொள்கிற மாதிரி தூக்கிப் போடுமே, அதைப் பத்து வயதிலேயே அனுபவித்தவன் அவன். அத்தனையும் தெரிந்தவன்தான் கூட ஒரு பட்டை போட்டான்.

ஆறுமுகசாமி சொன்ன சொல் மாறாதவர். மதுரையிலிருந்து தரகர் ஒருவரை வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டார். பூவனநாதன் மறுப்பு சொல்லவில்லை. நல்லக்கண்ணு பார்க்கப் போனபோது இடது கையைத் துணித் தொட்டிலில் கட்டிக்கொண்டு, தீக்குச்சிச் சட்டங்கள் காய்கிற முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

“விக்கட்டும்லே. எனக்கு ஓட்டத் தெரியல. ஆசை மட்டும் இருந்து என்ன செய்ய? கை வரலையே.”

சொல்லிவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.  அந்தக் கைக்கு ஒரு குறையும் இல்லை என்பது உலகத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் வாய் திறந்தால் கார் மிஞ்சும், சிநேகிதனுக்குத் தன் கைமேல் நம்பிக்கை மிஞ்சும். ஆனால் ஆறுமுகசாமியின் ஆறு லாரிகளும் நல்லக்கண்ணுவின் பட்டறைக்குத்தான் வருகின்றன. பாதிப் பிழைப்பு அது. கேட்காமல் எதையோ சொருகி மகனைக் கவிழ்த்தவனிடம் எந்தத் தகப்பன் லாரியை விடுவான்? ஊருக்குத் தெரிந்தால் பஸ்காரர்களும் வருவார்களா?

வீட்டில் சோறு இறங்கவில்லை. பெண்டாட்டி ஆவுடைத்தாய் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் கேட்டே விட்டாள். அவன் சொன்னான்.

“அவியகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்லா?”

“நல்லதுக்குத்தான போட்டேன்.”

“நல்லதுக்குத்தான். யாரு இல்லன்னா? அதையே அங்கன போயிச் சொல்லுங்க. எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய?”

“லாரி போயிரும் ஏட்டி.”

“போனாப் போவுது” என்று சொல்லிவிட்டு அவள் கும்பாவில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினாள். 

வியாழக்கிழமை காலையில் நல்லக்கண்ணு குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆறுமுகசாமி முன்னால் போய் நின்றான். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னப்பா, பொண்ணு கேட்டுப் போற மாதிரி வந்திருக்க?”

“அண்ணாச்சி, காரை விக்காதீய. கவுந்தது சின்ன மொதலாளி தப்பில்ல. நாந்தான். ஒரு பட்டை கூடப் போட்டுட்டேன். வளைவையும் ஏத்தி வச்சேன். அவிய கேக்கவே இல்ல. தாழ்வா வைக்கணும்னு சொன்னாவ. நானா ஏத்தினேன்.”

“எதுக்கு?”

“எல்லாத்துக்கும் அப்படித்தான் போடுதது.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “எல்லாத்துக்கும்னா? நம்ம லாரிக்குமா?”

“ஆமா அண்ணாச்சி.”

“ஆறுக்குமா?”

“ஆறுக்கும்.”

ஆறுமுகசாமி கழற்றிய கண்ணாடியை வேட்டி முனையில் துடைத்தார். பிறகு சொன்னார்: “எட்டு வருசமா நம்ம வண்டியில ஒரு பட்டை முறியல. டிரைவர் நிதானமா ஓட்டுதாம்னு நான் கல்யாண வீடு கல்யாண வீடாப் பெருமை பேசிக்கிட்டுத் திரியுதேன். அவனுக்கு வருசா வருசம் வேட்டி வேற எடுத்துக் குடுக்கேன்.”

சிரிப்பாரோ என்று நல்லக்கண்ணு பார்த்தான். அவர் சிரிக்கவில்லை. முகம் கடுத்தது.

“என் வண்டிக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாம வச்சிருக்க. நல்லதோ கெட்டதோ, சொல்லிட்டுல்லா செய்யணும்? இனிமே லாரி ஒங்கிட்ட வராது. சாத்தூர்ல விட்டுக்கிடுதேன்.”

“சரி அண்ணாச்சி.”

“காரை விக்கலை. தரகனை வர வேண்டாம்னு சொல்லுதேன். ஆனா ஒண்ணு. இன்னொரு தடவ என் மகன் அந்த வளைவுல திரும்பினா பக்கத்துச் சீட்டுல நீ இருக்கணும். ஒன் வேலை மேல ஒனக்கு நம்பிக்கை இருந்தா உக்காரு.”

 அதற்கும் நல்லக்கண்ணு “சரி அண்ணாச்சி” என்றுதான் சொன்னான்.

பூவனநாதனுக்கு விஷயம் அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் அவன் வரவில்லை. ஒரு வாரம் வரவில்லை. எட்டாம் நாள் கைத் தொட்டிலோடு நடந்தே வந்து பட்டறை வாசலில் நின்றான். அங்கே அப்போது ஒரு லாரியும் இல்லை.

“வீட்டுக்குள்ள கெடந்து இந்தக் கையையே பாத்துக்கிட்டிருந்தேன்லே. கையில தப்பில்லன்னு ஒனக்குத் தெரியும். தெரிஞ்சும் நாலு நாள் சும்மா இருந்திருக்க.”

“ஆமா.”

“கவுத்ததுகூடப் பெருசில்ல. இதுதாம்லே கஷ்டமா இருக்கு.”

நல்லக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டான்.  பூவனநாதன் உள்ளே வந்து, கிடந்த பட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்தான். “அந்தப் பட்டையை எப்பக் கழட்டுத?” என்று கேட்டான்.

புரட்டாசியிலிருந்து மார்கழி வரையான அந்த நாலு மாதம் இருக்கிறதே, பிற்காலத்தில் நல்லக்கண்ணு எதை மறந்தாலும் அதை மறந்ததில்லை. லாரி வராததால் வேலை குறைவு. அதனால் நேரம் கிடைத்தது. புரண்டதில் நசுங்கிய கூரையைத் தட்டி நிமிர்த்திவிட்டு, கூடப் போட்ட பட்டையைக் கழற்றினான். அதற்குமேல் இன்னொன்றையும் கழற்றினான். மிச்சத்தைத் தீயில் வைத்து வளைவைத் தட்டையாக்கினான். ஒவ்வொரு பட்டையைக் கழற்றும்போதும் கை தயங்கியது. பத்து வருஷமாகப் போட்டுப் பழகிய கை அல்லவா? காருடைய பின்பக்கம் தாழ்ந்து, சக்கரங்கள் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு நின்றன. பார்க்க நன்றாக இல்லை. பட்டறைக்கு வந்த ஒரு பஸ் டிரைவர், “என்ன அண்ணாச்சி, கார் வெளிக்கு உக்காந்த மாதிரி இருக்கு?” என்று கேட்டே விட்டார்.

வாரம் இரண்டு மூன்று நாள் ஓடுபாதைக்குப் போவார்கள். ஆறுமுகசாமிக்குக் கொடுத்த வாக்குப்படி நல்லக்கண்ணு பக்கத்தில் உட்காருவான். முதல் நாள் வளைவு வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு குலசாமிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். கூப்பிட்டு முடிப்பதற்குள் வளைவு முடிந்துவிட்டது. கார் நாலு காலிலும் நின்றது. பூவனநாதன் விழுந்து விழுந்து சிரித்தான். கண்ணை மூடியிருப்பதில் ஒரு லாபம் இருப்பதை நல்லக்கண்ணு அப்புறம் கண்டுபிடித்தான். எந்தச் சக்கரம் எப்போது அமர்கிறது, எது லேசாகிறது என்பதெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது.

மெட்ராஸில் இதற்கெல்லாம் கருவி வைத்திருப்பதாகப் பூவனநாதன் சொல்வான். நல்லக்கண்ணுவிடம் இருந்தது மண்ணும் சுண்ணாம்பும்தான். மழை பெய்த கரிசல் மண்ணை உருண்டை பிடித்து, அச்சு மேலே வந்து முட்டுகிற ரப்பர் கட்டைக்கு நேர் கீழே ஒட்டிவிடுவான். ஓடி முடித்து வந்து பார்த்தால் உருண்டை எவ்வளவு நசுங்கியிருக்கிறதோ அவ்வளவு அச்சு ஏறியிருக்கிறது என்று கணக்கு. காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால் ஈரச் சாக்கில் பொதிந்து கொண்டுபோவான். வெற்றிலைச் செல்லத்திலிருந்து சுண்ணாம்பு எடுத்து டயரின் ஓரத்தில் கோடு இழுப்பான். வளைவில் டயர் எதுவரைக்கும் சாய்ந்ததோ அதுவரைக்கும் சுண்ணாம்பு அழிந்திருக்கும். அதைப் பார்த்துக் காற்றைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். முன்பக்கச் சுருள் கம்பிகளை மாற்றுவார்கள். ஒரு நாள் நன்றாக வந்தது மறுநாள் கெட்டுப்போகும். சண்டை போட்டுக்கொண்டு கயத்தாறு வரும்வரை பேசாமல் வந்து, அங்கே டீக்கடையில் ஒரே தட்டில் வடையைப் பிய்த்துத் தின்பார்கள். எட்டாம் வகுப்புக்குப் பிறகு அத்தனை நாள் சேர்ந்தாற்போல் அவர்கள் ஒன்றாக இருந்தது அப்போதுதான்.

தை கடைசியில், காரை ஓட்டிக்கொண்டே சோழவரம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே நின்ற கார்களையும் ஆட்களின் தோரணையையும் பார்த்ததும் நல்லக்கண்ணு தன் வேட்டியை ஒரு தரம் சரிசெய்துகொண்டான். முதல் நாள் ஓட்டிப் பார்க்கிற நாள். பூவனநாதன் தனியாகப் போனான். திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது.

“வலது வளைவுல தங்கமாப் போவுது. இடது திரும்புனா பழையபடி சாயுது. பயமா இருக்குலே.”

நல்லக்கண்ணு காரைச் சுற்றி வந்தான். பூவனநாதனை உள்ளே உட்காரச் சொல்லி, கொத்தனார் வைக்கிற ரசமட்டத்தை முன்பக்கம் குறுக்கே வைத்தான். குமிழி இடது பக்கம் ஓடியது. அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஓட்டுகிறவன் உட்காருவது வலது பக்கம். நாலு மாதமாக இடது பக்கத்தில் நல்லக்கண்ணு உட்கார்ந்திருந்தான். இருவரும் இருந்தால்தான் மட்டமாக நிற்கிற மாதிரி வண்டியை வைத்திருக்கிறான். மறுபடியும் பாரம் ஏற்றின வண்டிக்குத்தான் அவன் கை போயிருக்கிறது. இந்த முறை பாரம் அவனே.

“ஒண்ணு செய்யலாம்” என்றான் பூவனநாதன். “ஒன் எடைக்கு ஒரு மூட்டை மண்ணைக் கட்டி ஒன் சீட்டுல வச்சிருவோம். பழகின மாதிரியே இருக்கும்.”

ஆசையாகத்தான் இருந்தது நல்லக்கண்ணுவுக்கு. தான் இல்லாவிட்டாலும் தன் எடையாவது அவனோடு போகும். பந்தயத்தில் எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை கிடைக்கும்? ஆனால் தலையை ஆட்டினான்.

“வேண்டாம். காலி வண்டியைப் பாரத்துக்குத் தக்கன வச்சுத்தான் அன்னைக்கு ஒன்னைக் கவுத்தேன். நீ தனியாத்தான் போவணும். தனியாப் போறதுக்குத் தக்கன வச்சுத் தாரேன்.”

கொண்டுவந்த சாமான் சாக்கைப் பிரித்தான். உள்ளே அந்தப் பட்டை இருந்தது, கார் கவிழக் காரணமான அதே பட்டை. கழற்றிய நாளிலிருந்து ஏனோ அதை உருக்கப் போட மனசு வராமல் கூடவே வைத்திருந்தான். செங்குன்றத்தில் லாரிகள் நிற்கிற இடத்தில் ஒரு பட்டறையைத் தேடிப் பிடித்து, உலை கேட்டு, அதன் முனையில் இரண்டு துண்டு வெட்டி, நடுவில் துளை போட்டான். வலது முன்சக்கரத்துச் சுருள் கம்பியின் தலைமாட்டில் அந்த இரண்டையும் அடைகொடுத்தான். பூவனநாதன் உட்கார்ந்ததும் குமிழி நடுவில் வந்து நின்றது. “இதைச் சொல்லிட்டுத்தான் போடுதேன், தெரிஞ்சுக்கோ” என்றான் நல்லக்கண்ணு.

பந்தயத்தில் பதினோரு காரில் பூவனநாதன் ஐந்தாவதாக வந்தான். கோப்பை இல்லை, மாலை இல்லை. ஆனால் அந்த இடது வளைவில் ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தைக் குறைக்காமல் திரும்பினான். கூட்டத்தில் நின்ற நல்லக்கண்ணு ஒவ்வொரு தடவையும் தன்னையறியாமல் சாய்ந்து, பக்கத்தில் நின்ற ஒருவரை இடித்துத் திட்டு வாங்கினான். முடித்துவிட்டு இறங்கிய பூவனநாதன் யாரையும் பார்க்காமல் நேராக அவனிடம் வந்தான். தன் வலது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, “பாருலே, நடுங்கல” என்றான். அவ்வளவுதான் பேச்சு.

மறு வருஷம் தீபாவளிக்கு முன்னால் ஆறுமுகசாமியின் லாரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவர் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை, நல்லக்கண்ணுவும் கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் எந்த வண்டி வந்தாலும், “எவ்வளவு ஏத்துவீய? உண்மையைச் சொல்லுங்க. அதுக்குத் தக்கன போடுதேன்” என்று கேட்க ஆரம்பித்தான். டிரைவர்கள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். லாரி டிரைவரிடம் உண்மை எடையைக் கேட்பது சாதாரணக் காரியமா?

பூவனநாதன் இன்னும் மூன்று தடவை சோழவரம் போனான். மூன்று தடவையும் நல்லக்கண்ணு கூடப் போனான். எண்பத்தி நாலில் ஆறுமுகசாமி காலமானார். தீப்பெட்டி ஆபீஸ் மகன் தலையில் வந்து உட்கார்ந்தது. மாசி வந்தது, போயிற்று. அடுத்த மாசியும் அப்படியே போயிற்று. இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

எண்பத்தி ஆறாம் வருஷம் ஒரு சித்திரை மாதக் காலையில் அந்த ஹெரால்டு பட்டறை வாசலில் வந்து நின்றது. பின்சீட் பழையபடி மாட்டியிருந்தது. அதில் ஒரு குழந்தைச் செருப்பு கிடந்தது. பூவனநாதன் இறங்கினான். முன்மயிர் நரைத்திருந்தது.

“விளாத்திகுளம் தோட்டத்துக்கு வீட்ல எல்லாரும் போக வரவேண்டியிருக்கு. பிள்ளையளும் சாமானும் ஏறினா அடி தட்டுது.” காரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “ஏலே, ஒரு பட்டை கூடப் போடு.”

நல்லக்கண்ணு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து காரின் அருகில் நின்றான். அது அதே மாதிரி காலை அகட்டி ஊன்றிக்கொண்டு நின்றது. எத்தனை வண்டிக்கு, யாரும் கேட்காமலே போட்டவன் அவன். இப்போது கேட்கிறவன் கேட்கிறான், கை எழவில்லை. இதைத் தூக்கிவிட்டால் தங்கள் இருவருக்கும் அந்த ஓட்டம் முடிந்துவிடும் என்று அவனுக்குத் தோன்றியது.  பூவனநாதனும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான்.

“போடுதேன்” என்றான் கடைசியில். “அதுக்கு முன்ன ஒரு தடவ கயத்தாத்துக்குப் போயிட்டு வந்துருவமா?”

பூவனநாதன் சாவியைக் கையில் எடுத்தான்.

ஓடுபாதையின் ஓரங்களில் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. சிமெண்ட் அங்கங்கே வெடித்திருந்தது. டின்கள் இல்லை. வளைவு எந்த இடம் என்று இருவருக்கும் தெரியும். நல்லக்கண்ணு தன் பழைய சீட்டில் உட்கார்ந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, மூன்று சுற்று வந்தான். கார் ஒரு இடத்திலும் துள்ளவில்லை. பிறகு பட்டறைக்குத் திரும்பி வந்து, கேட்டபடியே ஒரு பட்டை கூடப் போட்டுக் கொடுத்தான்.